கூரைக் கணக்கும் மனைக் கணக்கும்

'வீட்டுத் தேவை' என்கிற சொற்சேர்க்கை அரசுக் கோப்புகளில் பிறந்து அங்கேயே புழங்குவது. ஊரில் யாரும் 'எனக்கு வீட்டுத் தேவை உள்ளது' என்று பேசி நான் கேட்டதில்லை. 'மழ பேஞ்சா உள்ள நிக்க முடியல' என்பார்கள். 'பையனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, நாங்க திண்ணைக்கு வந்துட்டோம்' என்பார்கள். 'இருக்கோம், ஆனா பட்டா இல்ல' என்பார்கள். 'வாடகைக்குக் கேட்டா எந்தத் தெருன்னு கேக்குறான்' என்பார்கள். இந்த நான்கும் நான்கு வெவ்வேறு இல்லாமைகள். முதலாவது கூரையைப் பற்றியது. இரண்டாவது இடத்தையும் உடம்பையும் பற்றியது. மூன்றாவது நிலம். நான்காவது சாதி. இவற்றையெல்லாம் ஒரே எண்ணாக்கி 'இந்த மாவட்டத்தின் வீட்டுத் தேவை இவ்வளவு' என்று எழுதுகிற வேலைக்கு மதிப்பீடு என்று பெயர். அந்த வேலை எப்படி நடக்கிறது, எது உள்ளே வருகிறது, எது வாசலிலேயே நிறுத்தப்படுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கும் விமர்சனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்கெடுப்புப் படிவமும் ஒரு பிரதிதான் என்பது என் பதில். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, மௌனங்கள் உண்டு. நாவலில் ஆசிரியன் சேரியை எப்படிக் காட்டுகிறான் என்று நாற்பது பக்கம் எழுதுகிற நாம், அதே சேரியைப் பற்றிப் படிவம் எழுதுகிற வாக்கியத்தை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம். நாவலை நம்பி யாரும் பட்டா கொடுப்பதில்லை. படிவத்தை நம்பிக் கொடுக்கிறார்கள், மறுக்கிறார்கள்.

எண்ணிலிருந்தே தொடங்குவோம். 12ஆம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காக (2012–17) அமிதாப் குண்டு தலைமையில் அமைந்த தொழில்நுட்பக் குழு, இந்திய நகர்ப்புறங்களில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. கிராமப்புறத்துக்கென அமைந்த குழு 4 கோடியே 36 லட்சத்துக்கும் மேல் என்றது. பத்திரிகைகள் இந்த இரண்டு எண்களையும் வெளியிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. நகர்ப்புற எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. அதில் வீடே இல்லாதவர்கள் 5.3 லட்சம் குடும்பங்கள். பழுதுபார்த்தும் பயனில்லாத கச்சா வீடுகள் 9.9 லட்சம். பழசாகி உபயோகம் தீர்ந்துபோன வீடுகள் 22.7 லட்சம். மிச்சம் உள்ள 1 கோடியே 49.9 லட்சம்? அது 'நெரிசல்' என்கிற தலைப்பில் வருகிறது. அதாவது வீடு இருக்கிறது, ஆனால் மணமான ஒரு தம்பதிக்காவது அங்கே தனி அறை இல்லை. மொத்தப் பற்றாக்குறையில் 80 சதவீதம் இதுதான். கச்சா வீடுகளின் பங்கு 5 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது.

குடிசைதான் பிரச்சினை, குடிசையை ஒழித்தால் வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று அரை நூற்றாண்டாக மேடையில் பேசிவருகிறோம். ஆளுங்கட்சியும் பேசுகிறது, எதிர்க்கட்சியும் பேசுகிறது, நாமும் பேசுகிறோம். நகரத்தைப் பொறுத்தவரை அரசு நியமித்த குழுவின் கணக்கே வேறு சொல்கிறது. குடிசையின் கூரை தெருவிலிருந்து பார்த்தால் தெரியும். ஒரே அறைக்குள் மகனும் மருமகளும் ஒருபுறம், மாமியாரும் கல்யாணமாகாத பெண்ணும் மறுபுறம், நடுவில் ஒரு சேலைத் திரை என்பது தெருவிலிருந்து தெரியாது. உள்ளே போய்க் கேட்கவேண்டும். கேட்டாலும் வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயமா அது?

இந்த 'நெரிசல்' என்கிற வகைமையைச் சேர்த்தது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது எண்ணுகிற அலகு தம்பதி. கணவனும் மனைவியுமாக இருந்தால் ஓர் அறைக்கான நியாயம் பிறக்கிறது. விதவைக்கு, 'வாழாவெட்டி' என்று ஊர் பேர் வைத்த பெண்ணுக்கு, கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவளுக்கு, திருநங்கைக்கு அறை என்கிற தேவையே இந்தக் கணக்கில் எழுவதில்லை. அவர்கள் யாருடைய வீட்டிலோ ஓர் ஓரத்தில் படுத்துக்கொள்வார்கள் என்று மதிப்பீடு தானாக எடுத்துக்கொள்கிறது. நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்வதைப் போலவே.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஆளில்லாமல் காலியாகக் கிடந்தவை ஏறத்தாழ 2 கோடியே 46 லட்சம் கட்டடங்கள். காரைக்குடிப் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள், காவலுக்கு ஒரு கிழவர், அந்தக் கிழவருக்குச் சொந்த வீடு கிடையாது. வீடுகளை எண்ணி, குடும்பங்களை எண்ணி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பற்றாக்குறை வந்துவிடும் என்கிற பழைய பாணிக் கணக்கு எங்கே உடைகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சரி, குடும்பம் என்றால் என்ன? கணக்கெடுப்பின் வரையறை எளியது. சாதாரணமாகச் சேர்ந்து வசித்து, ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். ரத்த உறவு முக்கியமில்லை, உலைதான் முக்கியம். தமிழிலும் 'தனி உலை வச்சாச்சு' என்றால் பிரிந்துபோனதாகத்தான் அர்த்தம். ஆகவே வரையறை ஒன்றும் அந்நியமானது அல்ல. சிக்கல் நடைமுறையில் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன்பு காவிரிக் கடைமடையில் ஒரு பேரூராட்சியிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நண்பர்களோடு சேர்ந்து மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். ஒரு வீட்டில் எத்தனை குடும்பம் என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, 'அடுப்பு ஒண்ணுதான் தம்பி, உலை ரெண்டு' என்றார். காலையில் ஆறு மணிக்கு மருமகள் சமைத்து முடித்து நூறுநாள் வேலைக்குப் போவாள். எட்டு மணிக்கு மாமியார் தனக்கும் புருஷனுக்கும் தனியாகப் பொங்குவாள். அரிசி தனி, புளி தனி, ஒரே சிலிண்டரின் செலவு மட்டும் பங்கு. சண்டை ஒன்றுமில்லை. கூலி தனித்தனி என்பதால் சோறும் தனித்தனி. எண்ண வருகிற ஆசிரியை ஓர் அடுப்பைப் பார்க்கிறார், ஒரு குடும்பம் என்று எழுதிக்கொள்கிறார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரு நாளைக்கு அத்தனை வீடுகள் அவர் முடிக்கவேண்டும்.

இதே குடும்பம் ரேஷன் கார்டு பிரிக்கப் போனால் கதை வேறு. தனிச் சமையலறை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார். வருகிற அன்றைக்குக் கொல்லையில் நாலு செங்கல்லை வைத்து ஓர் அடுப்பு முளைக்கும். கார்டு இரண்டாகும். ஆக, அரிசி விஷயத்தில் அரசுக்கு அவர்கள் இரண்டு குடும்பம், வீடு விஷயத்தில் ஒன்று. ஒரே அரசின் இரண்டு அலுவலகங்கள் ஒரே வீட்டை இரண்டு விதமாக வாசிக்கின்றன. வீட்டு மதிப்பீடு செய்கிறவர்கள் ரேஷன் கார்டு எண்ணிக்கையையும் வீடுகளின் எண்ணிக்கையையும் ஊர்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே மறைந்திருக்கும் குடும்பங்கள் ஓரளவு வெளியே வந்துவிடும். இதற்கு நிபுணர் குழு தேவையில்லை.

இனிக் கூரைக்கு வருவோம்.

கூரையைப் பார்த்து ஆளைச் சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படை எயினரின் குரம்பையை ஈந்தின் ஓலை வேய்ந்ததாகக் காட்டுகிறது. சேக்கிழார் ஆதனூர்ப் புலைப்பாடியை அறிமுகப்படுத்தும்போது பழைய கூரைகளையும் அவற்றின்மேல் படர்ந்த சுரைக்கொடியையும் சொல்லித்தான் தொடங்குகிறார். தமிழ் படித்தவர்கள் இதை 'இயற்கை வருணனை' என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். யார் எந்தக் கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்கிற ஏற்பாடு அந்த வருணனைக்குள் எவ்வளவு இயல்பாக உட்கார்ந்திருக்கிறது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

கணக்கெடுப்பு இந்தப் பழக்கத்தை அட்டவணையாக்கியது. சுவரும் கூரையும் நிலைத்த பொருளால் ஆனவை என்றால் நிரந்தர வீடு, இரண்டும் இல்லையென்றால் தற்காலிகம், ஒன்று இருந்தால் பாதி நிரந்தரம். இந்தி வார்த்தைகளில் பக்கா, கச்சா. 2011 கணக்கெடுப்பில் நிலைத்த கூரை என்கிற பட்டியலில் கான்கிரீட், கல், செங்கல்லோடு தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வருகின்றன. பனையோலை, தென்னங்கீற்று, வைக்கோல் எல்லாம் நிலையாதவை.

விளைவு என்ன? கீற்றுக் கொட்டகையில் இருந்தவர் கடன் வாங்கி நாலு சிமெண்ட் ஷீட்டைப் போட்டுவிட்டால் அன்றோடு அவருடைய தேவை தீர்ந்துவிட்டது. பங்குனி, சித்திரையில் அந்த ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அது வீடா அடுப்பா என்று. பகலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் முதலில் பறந்தவற்றில் இந்த ஷீட்டுகளும் உண்டு. ஆனால் படிவத்தில் அவர் ஏழைப் பட்டியலிலிருந்து ஒரு படி ஏறிவிட்டார்.

இதைச் சொன்னவுடன் ஒரு வகை நண்பர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். ஆகா, கீற்றுதான் நம் மரபு, மண்சுவர்தான் குளிர்ச்சி, லாரி பேக்கரைப் பாருங்கள் என்று. பேக்கர் (1917–2007) மீது எனக்கு மதிப்பு உண்டு. அந்தந்த ஊர்ப் பொருளைக்கொண்டு சிக்கனமாகக் கட்டலாம் என்பதைக் கேரளத்தில் கட்டியே காட்டியவர். ஆனால் கீற்றின் அழகைப் பேசுகிறவர்கள் யாரும் கீற்றுக்குக் கீழே இருப்பதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் கூரை மாற்றுகிற செலவும், தீப்பெட்டி உரசினாலே பயப்படுகிற வாழ்க்கையும் அவர்களுடையது அல்ல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் கொளுத்தப்பட்டது ஒரு குடிசைக்குள்தான். தஞ்சைப் பக்கத்துத் தலித் ஒருவர் 'மெத்தை வீடு' வேண்டும் என்று சொல்லும்போது அதில் வெறும் நுகர்வு மோகத்தைப் பார்ப்பது வரலாறு தெரியாத பேச்சு. தார்சு போட்ட வீடு என்பது அவர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு. நான் சொல்வது ஒன்றுதான்: கூரையின் பொருளை மட்டும் கேட்டுவிட்டு வெயிலையும் தீயையும் காற்றையும் கேட்காத ஒரு கேள்வி, கீற்றுக்காரருக்கும் நியாயம் செய்யவில்லை, ஷீட்டுக்காரருக்கும் செய்யவில்லை.

கான்கிரீட்டுக்கும்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகளைப் போய்ப் பாருங்கள். மேற்கூரைக் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிய, சில இடங்களில் வாசலில் கொட்டகை போட்டு அதில் படுக்கிறார்கள். அட்டவணையில் இவை நிரந்தர வீடுகள். 2000–2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்கவென்றே 2024இல் மாநில அரசு தனித் திட்டம் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. வீட்டின் நிலையைக் கேட்கிற கேள்வி கணக்கெடுப்பில் இருக்கவே செய்கிறது: நல்லது, வாழத்தக்கது, சிதிலமானது. 2011இல் நாடு முழுக்க முறையே ஏறத்தாழ 53, 41, 5 சதவீதம். இது குடியிருப்பவர் தாமே சொல்லும் அபிப்பிராயம். முற்பிறப்பிலிருந்தே ஒழுகுகிற கூரைக்குக் கீழ் இருப்பவர் 'பரவாயில்ல, இருக்கலாம்' என்பார். வந்திருப்பவர் முன்னால் தன் வீட்டைச் சிதிலம் என்று சொல்ல மனுஷனுக்கு வாய் வருமா? மானமும் ஒரு புள்ளிவிவரக் காரணிதான்.

மதிப்பீடு முடிந்தபின் பட்டியல் வருகிறது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985–86இல் தொடங்கியது. அப்போதெல்லாம் ஊராட்சித் தலைவரின் வீட்டுத் திண்ணையில் பட்டியல் தயாரானது என்பது ஊரறிந்தது. 2016 நவம்பரில் பிரதமர் ஊரகக் குடியிருப்புத் திட்டம் வந்தபோது, 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பிலிருந்து பயனாளிகளை எடுப்பதாகச் சொன்னார்கள். வீடற்றவர்கள், கச்சாச் சுவரும் கச்சாக் கூரையும் கொண்ட இரண்டு அறை வரையிலான வீட்டில் இருப்பவர்கள் பட்டியலில் வருவார்கள். பிறகு 13 காரணங்களில் ஒன்று இருந்தாலும் பெயர் அடிபடும். மோட்டார் சைக்கிள் இருந்தால், குளிர்சாதனப் பெட்டி இருந்தால், தரைவழித் தொலைபேசி இருந்தால், யாராவது ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால். மீன்பிடிப் படகும் இந்தப் பட்டியலில் இருந்தது. கடற்கரையில் படகு என்பது கலப்பை மாதிரி. அது இருந்தால் வீடு வேண்டாம் என்று அர்த்தமா? 2024இல்தான் இந்த நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். இரு சக்கர வண்டி, படகு, குளிர்சாதனப் பெட்டி, தொலைபேசி நீங்கின, வருமான வரம்பு 15,000 ஆயிற்று. எட்டு வருஷம் ஒரு பழைய பைக் எத்தனை பேரின் கூரையைப் பறித்தது என்பதற்குக் கணக்கில்லை. விடுபட்டவர்களுக்காக 2018–19இல் ஒரு கணக்கெடுப்பும், 2024இல் செல்பேசிச் செயலி வழியாக இன்னொன்றும் தொடங்கின. முதல் கணக்கு சரியாக இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படி ஒப்புக்கொள்வது?

மாநிலத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2010இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டத்துக்காகக் குடிசைகளை எண்ணினார்கள். 21 லட்சம் என்று வந்தது. ஆறு வருஷத்தில் குடிசையில்லாத் தமிழகம் என்றார்கள். 2011 மே மாதம் ஆட்சி மாறியது. அந்தத் திட்டம் கைவிடப்பட்டு, வருஷத்துக்கு 60,000 வீதம் ஐந்து வருஷத்தில் 3 லட்சம் சூரியசக்தி பசுமை வீடுகள் என்று புதுத் திட்டம் வந்தது. ஒரே வருஷத்தில் 18 லட்சம் குடிசைகள் எங்கே போயின? எங்கும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தன. 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று 360 சதுர அடியில், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயில், 2030க்குள் ஊரகத்தில் 8 லட்சம் வீடுகள் கட்டுவதாக அறிவித்தார்கள். தேவை என்பது மக்களிடம் இருப்பதாக நாம் நினைக்கிறோம். நடைமுறையில் அது நிதிநிலை அறிக்கையிலிருந்து பின்னோக்கி எழுதப்படுகிறது. இவ்வளவு பணம் இருக்கிறது, ஆகவே இவ்வளவு தேவை இருக்கிறது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். மனை.

மேற்சொன்ன மாநிலத் திட்டங்களில் வீடு பெற வீட்டுமனைப் பட்டா வேண்டும். மத்தியத் திட்டத்தின் நெறிமுறை, நிலமில்லாதவருக்கு நிலம் தருவது மாநிலத்தின் பொறுப்பு என்கிறது. நடைமுறையில் பட்டா இல்லாத மனு அடியில் போய்விடும். ஆக, நிலம் உள்ளவரின் கூரைக்கு அரசு பணம் தருகிறது. கூரையும் நிலமும் இரண்டும் இல்லாதவர் காத்திருக்கிறார். தேவை கூடக்கூடத் தகுதி குறைகிற விசித்திரமான ஏற்பாடு. புறம்போக்கில் இருப்பவர், வாய்க்கால் கரையில் இருப்பவர், கோயில் மனையில் தலைமுறையாக இருப்பவர் இவர்களுக்கெல்லாம் படிவத்தில் கூரைக்கான கட்டம் இருக்கிறது, தரைக்கான கட்டத்தில் சிக்கிக்கொள்கிறார்கள்.

இது இன்றைக்கு முளைத்த சிக்கல் இல்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்கள் பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கையை வாசித்தவர்களுக்குத் தெரியும். குடிசை போட்டிருக்கும் மனைகூடப் பறையருக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் காலி செய்யச் சொல்லலாம், அந்தப் பயமே அவர்களைக் குறைந்த கூலிக்குக் கட்டிப்போடுகிறது என்பது அவர் காட்டிய விஷயங்களில் ஒன்று. பஞ்சமி நில ஆணை 1892இல் வந்ததற்கு அந்த அறிக்கை முக்கியக் காரணம். எல்லோரும் பஞ்சமி விளைநிலத்தைப் பேசுகிறோம். அதே அறிக்கையில் இருந்த வீட்டுமனைப் பிரச்சினையை அந்த அளவு பேசுவதில்லை. சங்கம் சேர்ந்தால், கூலி உயர்த்திக் கேட்டால், மனையைக் காலி செய் என்று சொல்லிவிடலாம் என்றால் அந்தக் குடிசை வீடா, வேலைக்கு வைத்த கொட்டடியா?

தஞ்சை மாவட்டத்தின் விவசாயத் தொழிலாளர் போராட்டங்களுக்குப் பிறகுதான் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம் 1961இலும், குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இலும் வந்தன. கீழ்வெண்மணி நடந்து மூன்றாவது வருஷம். தமிழ்நாட்டில் வீடு பற்றி வந்த சட்டங்களில் ஆகப் பெரியது என்று நான் கருதுவது இந்த 1971 சட்டத்தைத்தான். ஏனென்றால் அது ஒரு செங்கல்கூடக் கொடுக்கவில்லை. தரையைக் கொடுத்தது, அதன் மூலம் கூலி கேட்கிற வாயைக் கொடுத்தது. வீட்டுத் தேவையைச் சதுர அடியில் அளக்கிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

மனை எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து மனை பிரித்துத் தந்ததெல்லாம் பெரும்பாலும் ஊரைத் தாண்டி, ஏற்கெனவே இருந்த சேரியை ஒட்டி. ஊர்/சேரி என்கிற பழைய பிரிவுக்கு அரசாங்கமே வரைபடம் போட்டுக் காலனி என்று பெயர் சூட்டியது. அந்தச் சொல் வசையாகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அதை நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சொல்லை நீக்குவது நல்லதே. இடம் அதே இடம்தான். இடத்தையே மாற்றிப் பார்க்க முயன்றது 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் ஒன்றுதான்: 100 வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. அதையும் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டினார்கள். அக்ரகாரமும் ஊர்த்தெருவும் தொடப்படாமல் அப்படியே இருந்தன. இருந்தாலும் வீட்டுத் தேவையில் அக்கம்பக்கமும் அடக்கம் என்பதை அரசு ஒத்துக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் என்பதால் அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

நல்ல வீடு கட்டினால் தேவை தீர்ந்துவிடுகிறதா? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை நுழைந்து அடித்து நொறுக்கியது வளைகுடாப் பணத்தில் எழுந்த வீடுகளையும் அதற்குள் இருந்த டிவி, மின்விசிறிகளையும். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று குடியிருப்புகளிலும் 260க்கு மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டியவை பல. குடிசையாக இருக்கும்வரை யாருக்கும் உறுத்தவில்லை. மேல்தளம் போட்டவுடன் உறுத்துகிறது. இந்த வீடுகள் எந்தக் கணக்கெடுப்பிலும் 'நல்ல நிலை' என்கிற பத்தியில்தான் வந்திருக்கும். பாதுகாப்பு என்றொரு பத்தி கிடையாது.

சின்ன ஊர்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பேரூராட்சி என்கிற அமைப்பு கிராமமும் இல்லை நகரமும் இல்லை. பேருந்து நிலையம், இரண்டு வங்கி, ஒரு சினிமாக் கொட்டகை (இப்போது கல்யாண மண்டபம்), சுற்றிலும் வயல். 2004இல் இந்தப் பேரூராட்சிகளில் பெரும்பாலானவற்றைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள், ஊரக வளர்ச்சித் திட்டங்களின் நிதி கிடைக்கும் என்று. 2006இல் மறுபடி பேரூராட்சி ஆக்கினார்கள். அதே குடிசை, அதே ஆள், இரண்டு வருஷம் கிராமத்து ஏழை, அப்புறம் நகரத்து ஏழை. நகரத்து ஏழைக்கு நூறுநாள் வேலை கிடையாது. வீட்டுக்கு வேறு திட்டம், வேறு மனு.

நகர்ப்புறத் திட்டம் 2015இல் தொடங்கியபோது தேவையை அளக்கிற விதமே மாறிப்போனது. அங்கே பட்டியல் இல்லை. விண்ணப்பம் போட்டவர்களே தேவை உள்ளவர்கள். தொடக்கத்தில் 2 கோடி வீடு என்றார்கள், கடைசியில் சரிபார்க்கப்பட்ட தேவை 1 கோடியே 12 லட்சம் என்று வந்து நின்றது. விண்ணப்பம் போடுவதற்கு ஆதார், வருமானச் சான்று, தானே கட்டிக்கொள்வதென்றால் சொந்த மனை. எதுவும் இல்லாதவர் விண்ணப்பிக்கவில்லை. விண்ணப்பிக்காததால் அவருக்குத் தேவை இல்லை. பொருளாதாரப் புத்தகத்தில் தேவை வேறு, கிராக்கி வேறு என்று முதல் பாடத்திலேயே சொல்கிறார்கள். காசும் காகிதமும் கையில் வைத்திருப்பவரின் விருப்பம் கிராக்கி. திட்டம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

சின்ன ஊரில் யாருமே எண்ணாத ஆள் வாடகைக்காரர். ஒண்டிக்குடித்தனத்தில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், ஒத்திக்குப் போட்ட பணம் திரும்பி வராமல் அதே வீட்டில் முடங்கியவர், மில்லில் வேலை செய்கிற பெண்கள், வடக்கத்திப் பையன்கள் பத்துப் பேருக்கு ஓர் அறை. கட்டடம் கான்கிரீட், எனவே நல்ல வீடு. இவர் சொந்த ஊரில் அண்ணன் தம்பிக்குப் பொதுவான ஓட்டுவீட்டில் பெயரளவுக்கு ஒரு பங்கு இருந்தால் அதுவும் எதிராக நிற்கும். தலித் என்றால் இன்னும் ஒரு சுற்று. நேரடியாகச் சாதி கேட்கமாட்டார்கள். 'சைவமா?' என்பார்கள். 'சார் எந்தப் பக்கம்?' என்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னால் 'அதுல எந்தத் தெரு?' என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிற்றூரில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய ஒன்பது வீடுகளில் ஏறி இறங்கினேன். மூன்றாவது கேள்விக்குள் ஆறு வீடுகள் 'சொந்தக்காரங்க வராங்க' என்று காலி இல்லாமல் போய்விட்டன. கட்டட எண்ணிக்கைப்படி அந்த ஊரில் பற்றாக்குறையே இல்லை.

அப்படியானால் எப்படித்தான் மதிப்பிடுவது? முழுக் கணக்கையும் தூக்கிப்போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணே வேண்டாம் என்கிற பேச்சு எண்ணப்படாதவர்களுக்குத்தான் பாதகம். 2021இல் நடந்திருக்கவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2025 ஜூனில் வந்த அறிவிக்கை 2027 மார்ச் 1ஐ ஆதார நாளாகக் குறித்தது. அதற்கு முன்னால் வீடுகளைப் பட்டியலிடும் கட்டம். அந்தப் படிவத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஓர் ஊரில், ஒரு வார்டில் நாமே ஒரு கணக்கு எடுக்க முடியும். அதற்கு நாலைந்து கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்டால் போதும். கூரை என்ன என்று தொடங்காமல், இந்தத் தரை யாருடையது, யார் நினைத்தால் உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியும் என்று தொடங்குங்கள். எத்தனை குடும்பம் என்று கேட்காமல் எத்தனை உலை என்று கேளுங்கள். நேற்று ராத்திரி யார் யார் எங்கே படுத்தார்கள் என்று கேளுங்கள். இதைப் பெண்கள் பெண்களிடம் கேட்கவேண்டும், ஆண்கள் கேட்டால் பொய்தான் வரும். சித்திரை மத்தியானத்திலும் ஐப்பசி ராத்திரியிலும் எங்கே இருப்பீர்கள் என்று கேளுங்கள். கடைசியாக வாடகைக்கோ மனைக்கோ கேட்டு எங்கே மறுத்தார்கள் என்று கேளுங்கள்.

கிடைத்ததைக் கிராமசபையில் வைக்கலாம். பயனாளிப் பட்டியலை அங்கே வாசிக்கவேண்டும் என்பது விதி; வாசிக்கச் சொல்லிக் கேட்க ஆள் இருந்தால் வாசிப்பார்கள். பேரூராட்சிகளில் கிராமசபை இல்லை. 2022 நவம்பரிலிருந்து நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபை என்று ஒன்று தொடங்கினார்கள். கூட்டம் பெரும்பாலும் சாக்கடை, தெருவிளக்கு என்று முடிந்துவிடும். வாடகைக்காரர்களின் எண்ணிக்கையை அங்கே ஒரு தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லலாம். செயல் அலுவலர் அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்பார். ஓரத்தில் எழுதி, தேதி போட்டு, ஒரு நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.